ஆழ்கடலில் உலோகம் சேர்க்கும் நுண்ணுயிர்கள்

1873 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 18 ஆம் நாள், "சலஞ்சர்" என்னும் ஆங்கிலேயக் கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்திலே கனேரித் தீவுகளுக்குத் தென்மேற்கே நின்றது. கப்பலில் இருந்தோர் நீண்ட கயிற்றில் வலைப்பை ஒன்றைக் கட்டிக் கடலின் அடித்தளத்துக்கு இறக்கி, அதனைத் தரையோடு இழுத்துப் பின்னர் மேலே தூக்கினர். பையினுள்ளே சேறும் சிறு பிராணிகளும் வரும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. ஆனால் கறுத்த, முட்டை வடிவான கட்டிகள் சிலவும் அப்பையில் இருந்தன. கப்பலின் இரசாயன அறிஞராகிய புக்கனன் அவற்றைச் சோதித்து, அவை பெரும்பாலும் மங்கனீசு ஒட்சைட்டால் ஆனவை என்று கண்டார்.

இவற்றை ஒத்த கட்டிகள் 1868 இல் வடதுருவத்தை அடுத்த காராக் கடலிலும் எடுக்கப்பட்டிருந்தன. எனினும் அவை ஓரிடத்துப் புதுமை அல்ல, பெருங்கடல்கள் பலவற்றின் அடியிலும் பரந்து கிடப்பவை என்பதை உலகுக்கு உணர்த்தியது சலஞ்சர் கப்பலே. 1872 டிசம்பரில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட அக்கப்பல் 1876 மே மாதத்தில் திரும்பிற்று. அதன் களஞ்சிய அறைகளில் இருந்த பொருள்களுள் இக்கருங்கட்டிகளும் இருந்தன. மங்கனீசு உருண்டைகள் என இன்று இவை வழங்கப்படுகின்றன. இவை எவ்வாறு உண்டாயின என்னும் வினாவுக்கு விடை காணும் முயற்சி ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. அவ்விடையின் ஒரு பகுதி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களிடத்தே உள்ளது.

முதலில் இவ்வுருண்டையின் இயல்பை அறிதல் நன்று. பெரும்பாலானவை உருளைக்கிழங்கின் பருமன் உடையவை. ஒன்றை இரண்டாக அறுத்தால் வெங்காயத்தை அறுத்தாற்போல, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய படைகளைக் காணலாம். நடுவிலே ஒரு கரு இருக்கும். அது எரிமலைக் கல்லின் துண்டாகவோ, பழைய உருண்டை ஒன்றின் உடைசலாகவோ, சுறாமீனின் பல்லாகவோ, திமிங்கிலத்தின் செவியெலும்பாகவோ இருக்கலாம். பசிபிக் சமுத்திரத்தின் அடியிலிருந்து சலஞ்சர் கப்பல் ஒரே வாரலில் நூற்றுக்கணக்கான சுறாப் பற்களை எடுத்தது. அவற்றுட் பல, இன்று உலகில் இல்லாது அழிந்துபோன சுறா இனங்களுக்கு உரியவை. அப்பற்களின்மேல் மங்கனீசு படிந்திருந்தது.

அழிந்த விலங்கின் பல் இன்னும் சேற்றின் மேற்பரப்பிலே கிடக்கிறதென்றால், அப்படிவு எத்துணை மெதுவாக வளர்ந்திருத்தல் வேண்டும்! கதிர்வீசும் மூலகங்களைக் கொண்டு காலத்தை அளக்கும் முறைகள் பின்னர் தோன்றின. அவற்றின்படி, ஆழ்கடல் உருண்டைகளுட் பெரும்பாலானவை பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீற்றர் முதல் பத்து மில்லிமீற்றர் வரையுமே வளர்கின்றன. பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு ஐந்து மில்லிமீற்றர் என்று கொண்டால், ஐந்து சென்றிமீற்றர் ஆரையுள்ள உருண்டை ஒன்று உருவாக ஒரு கோடி ஆண்டுகள் செல்லும். மனிதன் இப்பூமியில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவ்வுருண்டை வளரத் தொடங்கிவிட்டது.

இவ்வுருண்டைகள் மிகுதியாகக் கிடக்கும் இடம், ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்சிக்கோ நாட்டுக்கும் இடையே பசிபிக் சமுத்திரத்தின் அடியில் உள்ளது. கிளேரியன் கிளிப்பற்றன் வலயம் என்பது அதன் பெயர். அங்கே கடலின் ஆழம் 4,000 முதல் 6,000 மீற்றர் வரை. சூரிய ஒளி அங்கே எட்டுவதில்லை. நீர் பனிக்கட்டியின் குளிரை அண்மியது. 5,000 மீற்றர் ஆழத்தில் நீரின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ள வளியின் அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்காகும். அவ்வலயத்தில் மட்டும் இருபதினாயிரம் மில்லியன் தொன்னுக்கு மேற்பட்ட உருண்டைகள் உள்ளன என்று மதிப்பிட்டுள்ளனர். அவற்றின் நிறையில் மங்கனீசு 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நிக்கலும் செம்பும் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். கோபாற்று ஏறக்குறைய 0.2 சதவீதம். மின்கலங்களுக்கும் உருக்குத் தொழிலுக்கும் வேண்டிய உலோகங்கள் இவை.

நமது இந்து சமுத்திரத்திலும் இவை உண்டு. இலங்கைக்குத் தெற்கே நெடுந்தொலைவில், நிலநடுக்கோட்டுக்கும் அப்பால், மத்திய இந்து சமுத்திர ஆழ்நிலத்தில் இவை பரந்து கிடக்கின்றன. 1981 ஜனவரியில் இந்தியாவின் "கவேஷணி" என்னும் ஆராய்ச்சிக் கப்பல் இந்து சமுத்திரத்தில் இவ்வகை உருண்டைகளை எடுத்தது. 1987 இல் இவ்வாழ்நிலத்தில் 150,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஆராய்ச்சி நடத்தும் உரிமை இந்தியாவுக்கு வழங்கப்பட்டது. பின்னர் அதிற் பாதி கைவிடப்பட்டு 75,000 சதுர கிலோமீற்றர் நிலைபெற்றது.

இனி, அறிஞர்களை மலைக்கச் செய்த புதிர் யாதெனப் பார்க்கலாம். ஆழ்கடல் நீரில் மங்கனீசு மிக மிகச் சிறிய அளவிலேயே உண்டு. ஒரு தொன் நீரை எடுத்தால், அதில் ஒரு கிராமின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே அது கரைந்திருக்கும். அத்துணை ஐதான நீரிலிருந்து, நிறையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மங்கனீசாகவே உள்ள கட்டி எவ்வாறு திரண்டது?

உலோகம் கடலுக்கு வரும் வழிகள் தெளிவானவை. ஆறுகள் மலைகளைக் கரைத்துக் கொண்டுவருகின்றன. காற்று பாலைநிலத் தூசியைக் கடலில் தூவுகின்றது. கடலடியிலுள்ள பிளவுகளினூடாக எரிமலை வெப்பத்தாற் கொதித்த நீர், உலோகங்களைச் சுமந்து வெளிப்படுகிறது. கடலுக்கு வந்த உலோகம் உருண்டையைச் சேரும் வழிகள் இரண்டு. மேலேயுள்ள கடல்நீரிலிருந்து நேரே படிவது ஒன்று. கீழேயுள்ள சேற்றின் ஈரத்திற் கரைந்திருந்து மேல்நோக்கி ஊறிவந்து படிவது மற்றொன்று. முதலாவது வழி மிக மெதுவானது. இரண்டாவது வழியில் வளர்ச்சி அதனினும் விரைவானது. ஓர் உருண்டையின் மேற்பாதி முதல் வழியிலும், சேற்றிற் புதைந்த கீழ்ப்பாதி இரண்டாம் வழியிலும் வளர்தல் உண்டு.

இவ்விரு வழிகளுக்கும் பொதுவான ஒரு படி இருக்கிறது. மங்கனீசு இரு நிலைகளிற் பெரிதும் காணப்படும். ஒன்று, உப்பைப்போல நீரிற் கரைந்து கண்ணுக்குத் தெரியாதிருக்கும் நிலை. மற்றது, ஒட்சிசனோடு கூடி, விளக்குக் கரியைப்போலக் கறுத்து, நீரிற் கரையாது படியும் நிலை. கரைந்த நிலையிலுள்ள மங்கனீசு தன் இலத்திரன்களுள் இரண்டை இழக்குமாயின் கரையாத நிலையை அடையும். இம்மாற்றத்துக்கு ஒட்சியேற்றம் என்று பெயர். கடல்நீரில் ஒட்சிசன் உண்டு. ஆகவே இம்மாற்றம் தானாகவே நிகழக்கூடியதே. ஆனால் தானாக நிகழும்போது அது மிகவும் தாமதமாக நிகழும். விறகும் காற்றும் அருகருகே இருந்தாலும் தீக்குச்சி இன்றி அடுப்பு எரிவதில்லை. அதுபோல இங்கும் தூண்டிவிடும் பொருள் ஒன்று வேண்டும். அத்தூண்டுதலைச் செய்ய வல்லவை சில பற்றீரியாக்கள். அவை இம்மாற்றத்தை இலட்சம் மடங்கு வரை விரைவுபடுத்தும் என்று ஆய்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன.

நுண்ணுயிர் உலோகத்தைப் படியவைக்கும் என்னும் கருத்து ஆழ்கடல் ஆராய்ச்சியிலே பிறந்ததன்று. இரும்புச்சத்து மிகுந்த ஊற்றுகளிலும் வாய்க்கால்களிலும் செந்நிறமான, வழுவழுப்பான படிவு ஒன்றைப் பலரும் கண்டிருப்பர். நீரிறைக்கும் குழாய்களையும் அது அடைத்துவிடும். அது வெறும் துரு அன்று. இரும்பைத் துருவாக மாற்றி வாழும் பற்றீரியாக்களின் கூட்டம் அதனுள் இருக்கும். ஜேர்மானிய அறிஞர் எரன்பேக் 1836 இல் இத்தகைய உயிரொன்றை நுணுக்குக்காட்டியின் உதவியாற் கண்டு விவரித்தார். உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி, உலோகத்தை ஒட்சியேற்றி அதனாற் பெறும் சக்தியைக்கொண்டே உயிர்கள் வாழக்கூடும் என்னும் கருத்தை 1888 இல் வெளியிட்டார். மங்கனீசையும் நுண்ணுயிர்கள் ஒட்சியேற்றும் என்பதை ஒல்லாந்து அறிஞர் பைஜெரிங்க் 1913 இல் எடுத்துரைத்தார்.

ஆழ்கடல் உருண்டையையும் நுண்ணுயிரையும் இணைத்துச் சோதனை செய்தவர்களுள் முன்னோடி, அமெரிக்கராகிய ஹென்றி ஏர்லிக். அவர் அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து எடுத்த உருண்டைகளில் வாழும் பற்றீரியாக்களை ஆய்கூடத்தில் வளர்த்து, அவை மங்கனீசின்மேற் செயலாற்றுவதை 1963 இல் அறிவித்தார். கல்லென்று கருதப்பட்ட பொருளில் உயிரின் தொழிலும் நடைபெறுகிறது என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

அடுத்து வந்த கண்டுபிடிப்பு இன்னும் வியப்பானது. கலிபோர்ணியாக் கரையோரத்துக் கடலடையலில் இருந்து கென்னத் நீல்சன் என்பவரும் அவருடன் உழைத்தோரும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தனர். உணவு குறைந்த காலத்தில் அது வித்தியாக மாறி உறங்கிவிடும். நெல்மணி பத்தாயத்தில் உறங்குவது போன்றதே அவ்வுறக்கம். உண்பதும் வளர்வதும் அப்போது இல்லை. ஆயினும் அவ்வுறங்கும் வித்தியின் மேலுறை மங்கனீசை ஒட்சியேற்றிக்கொண்டே இருந்தது. நஞ்சூட்டி வித்தியின் உயிரைப் போக்கிய பின்னரும் அவ்வேலை நிற்கவில்லை. இதற்குக் காரணம், மேலுறையில் அமைந்த செம்பு கலந்த நொதியம் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. உணவு மிக அரிதான ஆழ்கடல் தரையில், உறங்கும் உயிரும் இறந்த உயிரின் உறையுங்கூட உலோகத்தைச் சேர்க்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படுகிறது.

இவ்வேலையால் பற்றீரியாவுக்கு என்ன நன்மை? இவ்வினா நீண்டகாலம் எஞ்சியிருந்தது. மங்கனீசு உறை, நச்சுப் பொருள்களிலிருந்தும் கொல்லும் கதிர்களிலிருந்தும் உடலைக் காக்கும் கவசம் என்றனர் சிலர். எளிதிற் செரிக்காத உயிர்ப்பொருளைச் சிதைத்து உணவாக்க அது உதவும் என்றனர் வேறு சிலர். மங்கனீசிலிருந்தே வாழ்வுக்கான சக்தியைப் பெறுதல் கூடும் என்னும் கருத்தும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவந்தது. ஆனால் அவ்வாறு வாழும் உயிர் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

அது அகப்பட்ட கதை சுவையானது. கலிபோர்ணியாத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஜரெட் லெட்பெற்றர், மங்கனீசு காபனேற்றுப் பூசிய கண்ணாடிச் சாடி ஒன்றைக் கழுவும் பொருட்டு, தமது அறையிலுள்ள நீர்த்தொட்டியில் குழாய்நீரை நிரப்பி ஊறவைத்துவிட்டு வெளியூர் சென்றார். சில மாதங்கள் கழித்துத் திரும்பியபோது, வெளிர்நிறமாக இருந்த பூச்சுக் கறுத்த படிவாக மாறியிருந்தது. கழுவி வீசுவதற்குப் பதிலாக அவர் காரணத்தைத் தேடினார். ஆராய்ச்சியாளர் ஹாங் யூவும் அவரும் அப்படிவில் இரு பற்றீரியாக்கள் சேர்ந்து வாழ்வதையும், மங்கனீசின் ஒட்சியேற்றத்தாற் பெறும் சக்தியைக்கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்து உடற்பொருள் ஆக்கப்படுவதையும் நிறுவி 2020 இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றுக்கு, உருண்டைகளை உருவாக்குவது என்று பொருள்படும் இலத்தீன் பெயரே சூட்டப்பட்டது. ஏனெனில் ஆய்கூடத்தில் வளரும்போது அது சின்னஞ்சிறு மங்கனீசு உருண்டைகளை ஆக்கிற்று. அது குழாய்நீரிற் கிடைத்த உயிர், ஆழ்கடலில் வாழ்வதன்று. எனினும் மங்கனீசை நம்பியே உயிர் வாழ முடியும் என்பது அதனால் உறுதியாயிற்று.

இதுவரை கூறியது உலோகத்தைத் திரட்டும் நுண்ணுயிர்களைப் பற்றியது. அதைக் கரைக்கும் நுண்ணுயிர்களும் உள்ளன. கரைப்பவை இல்லாவிடின் திரட்டுபவற்றுக்கு வேலை குறையும் என்பது கவனிக்கத்தக்கது.

கடலின் மேற்பரப்பில் வாழ்ந்து மடியும் உயிர்களின் எச்சங்கள் மழைத்தூறல்போல ஆழத்துக்கு இறங்குகின்றன. சேற்றிலுள்ள பற்றீரியாக்கள் அவற்றை உண்டு, ஒட்சிசனைக்கொண்டு சுவாசிக்கின்றன. சேற்றின் ஆழத்தில் ஒட்சிசன் தீர்ந்துவிட்ட இடத்தில் உயிர்கள் என் செய்யும்? முதலில் நைத்திரேற்றைப் பயன்படுத்தும். அதுவும் தீர்ந்தால், ஒட்சிசனுக்குப் பதிலாக மங்கனீசு ஒட்சைட்டையே சுவாசிக்கும். இவ்வாறு மங்கனீசைச் சுவாசிக்கும் பற்றீரியா ஒன்றை, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஒனைடா ஏரியின் அடையலிற் கண்டு, மயர்ஸ், நீல்சன் என்னும் இருவரும் 1988 இல் அறிவித்தனர். சுவாசிக்கப்பட்ட ஒட்சைட்டு, இலத்திரன்களைத் திரும்பப் பெற்று மீண்டும் கரையும் மங்கனீசாகிறது. கரைந்தது மேல்நோக்கி ஊறுகிறது. ஒட்சிசன் உள்ள மேற்படையை அடைந்ததும் திரும்பவும் ஒட்சியேறி, அங்கே கிடக்கும் உருண்டையில் ஒட்டுகிறது.

ஆகவே சேற்றினடியில் சிதறிக் கிடந்த உலோகத்தைக் கரைத்து அனுப்புவது ஒரு கூட்டம்; மேலே அதனைப் பற்றித் திரட்ட உதவுவது வேறொரு கூட்டம். எச்சங்கள் மிகுதியாக விழும் இடத்தில் இச்சுழற்சியும் மிகும். பெரு நாட்டுக்கு மேற்கேயுள்ள பசிபிக் ஆழ்நிலத்தில் உருண்டைகள் ஏனைய இடங்களிலும் பெரியனவாகவும் விரைவாக வளர்வனவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். அங்கே சேற்றின் மேற்புறச் சில சென்றிமீற்றர்களுக்குள்ளேயே ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது.

உருண்டையின் உள்ளேயும் இவ்விரு கூட்டங்களும் வாழ்கின்றனவோ என்று ஆராயப்பட்டது. உருண்டை வெளிக்கு இறுகிய கல்லாகத் தோன்றினும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. 2015 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, கிளேரியன் கிளிப்பற்றன் வலயத்து உருண்டைகளின் உள்ளே மங்கனீசைத் தாழ்த்தும் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாக்களும், அதனை ஒட்சியேற்றும் இனத்தைச் சேர்ந்தவையும் மிகுதியாக இருப்பதைக் காட்டிற்று. அவை சுற்றியுள்ள சேற்றிலுள்ள கூட்டத்தினின்றும் வேறுபட்டன.

நிக்கலும் செம்பும் கோபாற்றும் உருண்டைக்குள் எவ்வாறு புகுந்தன என்பதற்கும் விடை இங்கேயே உண்டு. புதிதாகப் படியும் மங்கனீசு ஒட்சைட்டு மிக மெல்லிய தகடுகளால் ஆனது. அத்தகடுகளின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் உண்டு. நேர் மின்னேற்றமுடைய உலோக அயன்களை அவை கவர்ந்து தம்மிடையே வைத்துக்கொள்ளும். பற்றீரியாக்களின் செயலால் உண்டாகும் ஒட்சைட்டின் துகள்கள் மிகவும் நுண்ணியனவாதலால், அவற்றின் மேற்பரப்பு மிகப் பெரியது. கவரும் ஆற்றலும் மிகுதி. காலம் செல்லச் செல்ல அக்கவர்ச்சியே செல்வமாகத் திரண்டுவிட்டது.

எறும்பூரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. இங்கோ நுண்ணுயிர் ஊரக் கல் வளர்கிறது என்று கூறிவிடலாமா? விஞ்ஞானிகள் இவ்விடத்தில் நிதானமாகவே பேசுகின்றனர். கோபுரத்திற் புறாக்கள் வாழ்வதைக் கண்டு, அக்கோபுரத்தைப் புறாக்களே கட்டின என்று கூறுதல் பொருந்தாது. அதுபோல உருண்டைக்குள் பற்றீரியா இருப்பது மட்டும், உருண்டையை ஆக்கியது பற்றீரியா என்பதற்குச் சான்றாகாது. ஒருமுறை படிந்த மங்கனீசு ஒட்சைட்டு, உயிரின் உதவியின்றியும், தன்மேல் மேலும் மங்கனீசு படிவதை விரைவுபடுத்த வல்லது. நுணுக்குக்காட்டியில் உயிரின் எச்சம்போலத் தோன்றும் சில வடிவங்கள் வெறும் கனிப்பொருளின் வடிவங்களாகவும் இருத்தல் கூடும்.

இரும்பின் செய்தியில் இத்தகைய ஐயம் குறைவு. ஹவாய்த் தீவுக்கு அருகே, முன்னர் லோயிஹி என வழங்கிய கடலடி எரிமலையில், வெந்நீர் ஊற்றுகளைச் சூழ்ந்து துருநிறமான பாய்போன்ற படிவுகள் உள்ளன. அவற்றிலிருந்து டேவிட் எமர்சன், கிறெயிக் மோயர் என்போர் பிரித்தெடுத்த பற்றீரியா, இரும்பை ஒட்சியேற்றி, அத்துருவை முறுக்கிய நாடாவைப்போன்ற காம்பாக வெளிவிடுகிறது. அம்முறுக்கு அவ்வுயிரின் கையொப்பம் போன்றது. பழைய இரும்புப் படிவுகளில் இவ்வடிவத்தைக் கண்டால், அங்கே நுண்ணுயிர் உழைத்தது என்று ஊகிக்க நல்ல இடமுண்டு. மங்கனீசு உருண்டைக்கு இத்துணைத் தெளிவான கையொப்பம் இல்லை. எனவே இன்று நடுநிலையான அறிஞர் பலரும் கொள்ளும் முடிபு இதுவே: உருண்டை வளர்வதில் இரசாயன விதிகளும் நுண்ணுயிர்களும் பங்காளிகள். சேற்றினுள் உலோகத்தைக் கரைத்து விடுவதில் நுண்ணுயிரின் பங்கு தெளிவானது. உருண்டையின்மேற் படியச் செய்வதில் அதன் பங்கு இடத்துக்கு இடம் வேறுபடும். அப்பங்கின் அளவைக் கணிப்பதே இன்றைய ஆராய்ச்சியின் வேலை.

இவ்வாராய்ச்சி வெறும் ஆவலுக்காக நடப்பதன்று. இவ்வுருண்டைகளை யார் எடுப்பது, எடுக்கலாமா என்னும் வினாக்கள் உலக அரங்கிலே எழுந்துள்ளன. 1967 இல் மால்ற்றா நாட்டின் தூதுவர் ஆர்விட் பார்டோ, ஐக்கிய நாடுகள் சபையில் உரையாற்றும்போது, நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள ஆழ்கடல் தரை மனிதகுலம் முழுவதற்கும் உரிய பொதுச்சொத்தாக வேண்டும் என்று வேண்டினார். இதற்கென அமைந்த கடலடித்தரைக் குழுவுக்குத் தலைவராகவும், 1973 இல் தொடங்கிய கடற்சட்ட மகாநாட்டின் முதலாவது தலைவராகவும் விளங்கியவர் இலங்கையின் பிரதிநிதி ஹமில்ற்றன் ஷேர்லி அமரசிங்க. 1980 இல் தாம் மறையும் வரை அவர் அப்பதவியில் இருந்தார். 1982 இல் நிறைவெய்திய அவ்வுடன்படிக்கை 1994 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமைந்த சர்வதேசக் கடலடித்தரை அதிகாரசபை ஜமேக்கா நாட்டின் கிங்ஸ்ரன் நகரில் உள்ளது. சலஞ்சர் கப்பல் அள்ளிவந்த கருங்கட்டிகளை உலகத்தார் எவ்வாறு பங்கிடுவது என்னும் கேள்வியிலே ஓர் இலங்கையரின் உழைப்பும் சேர்ந்துள்ளது.

எடுக்கலாமா என்னும் வினாவுக்கு ஒரு சோதனை வழிகாட்டுகிறது. 1989 ஆம் ஆண்டில் ஜேர்மானிய விஞ்ஞானிகள், முன்னர் குறித்த பெரு ஆழ்நிலத்தில், 4,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், ஏறக்குறைய 11 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கலப்பை போன்ற கருவி ஒன்றினால் உழுதனர். உருண்டைகளை எடுக்கும்போது கடலடித்தரைக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே அறிதல் அவர்களின் நோக்கம். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2015 இல், ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் அவ்விடத்துக்குச் சென்றனர். கலப்பையின் தடங்கள் நேற்று உழுத வயலின் சால்கள்போல அப்படியே இருந்தன. மேற்பரப்புச் சேறு அகன்ற இடங்களில் நுண்ணுயிர்களின் செயல் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. நுண்ணுயிர்கள் ஆற்றும் பணிகள் பழைய நிலைக்குத் திரும்ப ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 2020 இல் வெளியான அவர்களின் அறிக்கை கணிக்கிறது. இது நுண்ணுயிரின் செயலுக்கு மட்டும் சொல்லப்பட்ட கணக்கு. எடுக்கப்பட்ட உருண்டை மீண்டும் வளர ஆகும் காலம் இலட்சக்கணக்கான ஆண்டுகளிலே கணக்கிடத்தக்கது.

நிலத்திலே வயலை உழுதால், அடுத்த மழைக்கே புல் முளைத்துவிடும். நுண்ணுயிர் எங்கும் நிறைந்திருப்பது, விரைவிற் பெருகுவது என்பதனால், அதற்குத் தீங்கு நேராது என்று எண்ணுவதும் இயல்பு. பாலிலே சிறிது மோரை விட்டால் ஒரே இரவில் தயிராகிவிடுவதை எல்லாரும் அறிவர். ஆழ்கடலில் அந்நிலைமை இல்லை. அங்கே உணவு குறைவு, குளிர் மிகுதி, வாழ்க்கையின் வேகம் மிக மெதுவானது. அகற்றப்படும் மேற்பரப்புச் சேறே அங்குள்ள உயிர்களின் உணவுக் களஞ்சியம். அது போனால் கூட்டம் முழுவதும் தளர்ந்துவிடுகிறது.

ஆழ்கடல் உலோகத்தை நாடுவோர் கூறும் நியாயத்தையும் ஒதுக்குதல் ஆகாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதைக் குறைக்க மின்சார வாகனங்களும் மின்கலங்களும் வேண்டும் என்பதும், அவற்றுக்கு நிக்கலும் கோபாற்றும் வேண்டும் என்பதும், நிலத்தில் நடைபெறும் சுரங்கத் தொழிலும் காடுகளையும் ஆறுகளையும் கெடுக்கின்றது என்பதும் உண்மையே. அதற்கு எதிராக நிற்கும் நியாயம், இழப்பின் அளவு இன்னும் கணக்கிடப்படாதது என்பதாகும். கடலிலே மங்கனீசு கரைவதும் படிவதுமான சுழற்சியில் நுண்ணுயிர்களின் பங்கு எத்துணை என்பது தெளிவதற்கு முன்னர் அவற்றின் உறைவிடத்தைப் பெயர்த்தெடுத்தால், பெயர்த்தது இன்னதென்று பின்னர் அறியவும் இயலாது.

ஒரு சுறாமீன் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உதிர்த்த பல்லைச் சுற்றி, ஒட்சிசனும் சேறும் நுண்ணுயிர்களும் சேர்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்காக உலோகத்தைச் சேர்த்துள்ளன. அதே உருண்டையை ஒரு பொறி சில விநாடிகளில் அள்ளிவிடும். இவ்விரு வேகங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மனத்திற் கொண்டே, ஆழ்கடலின் பொதுச்சொத்தைப் பற்றிய முடிவுகளை நாடுகள் எடுத்தல் வேண்டும்.